சின்னப் பிள்ளையோடு மலையேற்றம்: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பி, ஒரு குன்றில் ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் திரும்ப நினைப்பவர்களுக்கானது இது.

புதிதாகக் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். யாரோ எடுத்த அருவி வீடியோவைப் பார்த்து இடத்தை முடிவு செய்வார்கள். அப்புறம் பை, ஷூ, தொப்பி என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருக்கும், எத்தனை மணிக்குத் தூக்கத்துக்கு அழும் என்பதெல்லாம் கிளம்பும் நாளன்றுதான் ஞாபகத்துக்கு வரும். இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் பிள்ளை, அடுத்து நேரம், அதற்குப் பிறகு இடம், கடைசியில் சாமான்.

1. பிள்ளை எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் மலை வேண்டாம். கழுத்து நன்றாக நின்று, பிள்ளை பிடிமானம் இல்லாமல் உட்காரும் வரை முதுகில் தூக்கும் கேரியர்களில் வைக்கக் கூடாது. குலுங்கும்போது தலை முன்னால் சாய்ந்து மூச்சு அடைபடும் ஆபத்து உண்டு.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உண்மையில் சுலபமான காலம். பிள்ளை நடக்காது, ஓடாது. தூக்குகிறவருக்குத் தெம்பு இருந்தால் போதும். ஒன்றரையிலிருந்து மூன்று வரைதான் பாடு. "நானே நடக்கிறேன்" என்று இறங்கும், பத்தடியில் "தூக்கு" என்று கையை விரிக்கும், தூக்கினால் மறுபடி இறங்கும். இந்த வயதுக்குப் பெரியவர்கள் கணக்குப் போடும் நேரத்தை அப்படியே இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல் பாதி தூரம் நடப்பார்கள். ஐந்து வயதில் சில பிள்ளைகள் நம்மை முந்திக்கொண்டு ஓடும். அது வேறு விதமான தலைவலி.

வயதை மட்டும் நம்பாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு திருவான்மியூர் கடற்கரைக்கோ பெசன்ட் நகருக்கோ கூட்டிப்போய் மணலில் நடக்க விடுங்கள். மணல் காலை இழுக்கும் என்பதால் சம தரையைவிடக் கடினம், விழுந்தாலும் அடிபடாது. முதல் "தூக்கு" எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்த நிமிடக் கணக்குதான் உங்கள் அளவுகோல். முதல் குன்றில் ஏறுவதற்கு அந்த அளவைத் தாண்டித் திட்டமிட வேண்டாம்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து ஒரு வாரம் ஆகாத பிள்ளை, தடுப்பூசி போட்டு ஒன்றிரண்டு நாளே ஆன பிள்ளை வீட்டில் இருக்கட்டும். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, இன்ஹேலரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

2. நேரத்தை முடிவிலிருந்து தொடங்கிக் கணக்கிடுங்கள்

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று ஆரம்பித்தால் கணக்கு எப்போதும் தப்பும். "எத்தனை மணிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்?" என்று ஆரம்பியுங்கள். சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகள் எல்லாம் மொட்டைப் பாறையும் முள்ளும்தான். மார்கழியிலும் பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும். அதனால் ஒன்பதரைக்குக் கடைசிப் படியில் கால் வைத்திருக்க வேண்டும் என்று வையுங்கள்.

தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சின்னக் குன்றை எடுத்துக்கொள்வோம். இறங்க முக்கால் மணி நேரம்; அப்படியென்றால் உச்சியிலிருந்து எட்டே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். மேலே அரை மணி நேரம். எட்டே காலுக்குப் போய்ச் சேர வேண்டும். ஏற ஒரு மணி நேரம். ஏழே காலுக்கு முதல் படி. அதற்கு முன் சிறுநீர், ஷூ, தொப்பி என்று அடிவாரத்தில் கால் மணி நேரம் போய்விடும். ஆக, வீட்டிலிருந்து ஐந்தரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாள் போட்டுப் பார்த்தால்தான் "ஏழு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்ற யோசனை ஏன் வேலைக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் புரியும்.

இன்னொன்று, திரும்பும் நேரம். மேலே சொன்ன கணக்கில் எட்டே முக்கால். அந்த நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். அது அடிக்கும்போது எங்கே இருக்கிறீர்களோ அங்கேயிருந்து திரும்ப வேண்டும், உச்சி பத்துப் படி தள்ளி இருந்தாலும் சரி. இதைக் கீழேயே பெரியவர்கள் இருவரும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். மேலே போய்ப் பேசினால் ஒருவர் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்பார், இன்னொருவர் கோபப்படுவார், நடுவில் பிள்ளை அழும்.

மாதங்களைப் பொறுத்தவரை டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. பாறை வழுக்கும், ஓடைகள் திடீரென்று பெருகும். மார்ச் முதல் ஜூன் வரை சமவெளிக் குன்றுகளை மறந்துவிடலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை விடிகாலை மட்டும். மாலை நடை என்று திட்டமிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: டிசம்பரில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

3. இடம்: ஒவ்வொரு கட்டமாகப் போங்கள்

முதலில் நகருக்குள்ளேயே நடங்கள். கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவும் இதற்குச் சரியான இடங்கள். வண்டலூர் பூங்கா 602 ஹெக்டேர். பேட்டரி வண்டியில் ஏறாமல் நடந்தால் பெரியவர்களுக்கே கால் வலிக்கும். இரண்டு இடத்துக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. கேரியர் தோளில் எங்கே அறுக்கிறது, தண்ணீர் எவ்வளவு தீர்கிறது என்பதெல்லாம் இங்கே தெரிந்துவிடும். வெளியே வந்தால் ஆட்டோ இருக்கிறது.

அடுத்தது படிக்கட்டுக் குன்றுகள். பரங்கிமலை சுமார் 300 அடி உயரம், 130-க்கும் மேற்பட்ட படிகள். மேலே போனதும் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும் ஏறுவதும் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய லஞ்சம் கிடையாது. மேலே வரை சாலையும் இருப்பதால் முடியாவிட்டால் வண்டியை வரச்சொல்லலாம். பல்லாவரம் பக்கம் திருநீர்மலை இன்னொன்று. அதற்கு அடுத்து 365 படிகள் கொண்ட திருத்தணி. அதற்குப் பிறகு 500-க்கும் மேல் படிகள் உள்ள திருக்கழுக்குன்றம். திருத்தணிக்கு மின்சார ரயிலிலேயே போகலாம். காரைவிட ரயிலில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது குறைவு, உள்ளே நடமாடவும் முடியும்.

படிக்கட்டுக் குன்றின் நல்லது, வழி தப்பாது, ஆள் நடமாட்டம் உண்டு. கெட்டது இரண்டு. மலைக்கோயில்களில் செருப்பைக் கீழேயே விட வேண்டியிருக்கும். வெயில் ஏறினால் பிள்ளையின் பாதம் கொப்பளிக்கும். கனமான காட்டன் சாக்ஸ் ஒரு ஜோடி போட்டுவிடுங்கள். இன்னொன்று குரங்கு, அதைப் பின்னால் சொல்கிறேன். கோயில் நடை திறக்கும் நேரத்தையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்கிற குடும்பங்கள் ஏராளம்.

மூன்றாவதாக, சென்னையிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் செஞ்சிக் கோட்டை. அங்கே எல்லோரும் நேராக ராஜகிரிக் குன்றுக்குத்தான் போகிறார்கள். சுமார் 800 அடி ஏற்றம். பல படிகள் பெரியவர்களின் முழங்கால் உயரம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு எதிரே இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்று போதும், தாராளமாகப் போதும்.

நான்காவதுதான் காட்டுப் பாதை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வனத்துறை 2024 அக்டோபரில் "ட்ரெக் தமிழ்நாடு" என்ற இணையதளத்தில் 40 பாதைகளுக்கு முன்பதிவைத் தொடங்கியது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டியும் கூட வருவார். பிள்ளையோடு போகிறவர்கள் எளிது என்ற வகையைத் தாண்ட வேண்டாம். பணம் கட்டும் முன் அந்தப் பாதையின் வயது நிபந்தனையையும், தீக்காலத்தில் மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

சென்னைக்கு அருகில் திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டியைத் தாண்டிக் குடியம் குகைப் பாதை இருக்கிறது. சமதளம்தான், ஆனால் கூழாங்கல்லும் முட்புதரும் அதிகம், நிழல் குறைவு. ஏலகிரி என்றால் ஒரு இரவு தங்குவது போல் போங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கிய பிள்ளையை அன்றைக்கே மலையேற்றக் கூடாது.

ஆந்திரப் பக்கம் அருவிகளுக்குப் போகும் நாகலாபுரம், தடா பாதைகள் இரண்டும் பிள்ளை வளர்ந்த பிறகு. வழுக்குப் பாறைகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும், இடையிடையே ஆழம் தெரியாத மடுக்கள். கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளின் பக்கம் போகவே போகாதீர்கள். கரையிலிருந்து ஓரடி தள்ளினால் பல ஆள் ஆழம் இருக்கும். ஏறி வரச் சரிவும் கிடையாது.

4. தூக்குவது யார், எதில்?

இரண்டு பெரியவர்கள் கட்டாயம். ஒருவர் பிள்ளையைத் தூக்கினால் மற்றவர் தண்ணீரும் பையும். இரண்டையும் ஒருவரே தூக்கிக்கொண்டு, மற்றவர் போனில் படம் எடுத்துக்கொண்டு வருவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தூக்குகிறவர் தடுக்கினால் பிடிக்க ஆளில்லை.

துணிக் கேரியர் என்றால் பிள்ளையின் முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், தொடை முழுவதும் துணியில் தாங்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும். தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது. சென்னைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மார்போடு கட்டிக்கொண்டால் இரண்டு உடம்பின் சூடும் நடுவில் தேங்கிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள். நசநசவென்று வியர்த்துச் சுட்டால் உடனே இறக்கிக் காற்றாட விடுங்கள்.

கம்பிச் சட்டம் வைத்த முதுகுக் கேரியரில் காற்றோட்டம் நல்லது, ஆனால் சட்டமே இரண்டு மூன்று கிலோ இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் எடை வரம்பைப் பாருங்கள்; அதில் பிள்ளை மட்டுமல்ல, பையில் வைக்கும் பொருளும் சேர்த்தி. மாட்டும்போதும் கழற்றும்போதும்தான் கவிழும். பிள்ளையோடு சேர்த்துப் பாறை மேலோ திண்ணை மேலோ வைக்காதீர்கள், சம தரையில் மட்டும். உங்கள் தலைக்கு மேல் இன்னொரு தலை இருக்கிறது என்பதை மரக்கிளை வரும்போது மறந்துவிடுவீர்கள்; பின்னால் வருகிறவர் குரல் கொடுக்கட்டும்.

எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகுங்கள். மூன்று மாடி ஏறி மொட்டைமாடி போய்த் துணி காயப்போட்டு வாருங்கள், போதும். புடவைத் தூளி தூங்கவைக்க அருமையானது, மலைக்கு ஆகாது. உப்புமூட்டை ஏற்றத்தில் கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்லை. இறக்கத்தில் கூடவே கூடாது, பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு முன்னால் சரியும்.

5. பையில் என்ன?

தண்ணீர் முதலில். அரை நாளுக்குப் பெரியவருக்கு இரண்டு லிட்டர், பிள்ளைக்குக் குறைந்தது அரை லிட்டர் தனி பாட்டிலில். தனி பாட்டில் எதற்கு என்றால், எவ்வளவு குடித்திருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஓஆர்எஸ் பொடி இரண்டு பாக்கெட். ஒரு லிட்டருக்கான பாக்கெட் வேறு, 200 மில்லிக்கான சின்ன பாக்கெட் வேறு. பெரிய பாக்கெட்டில் பாதியை ஒரு டம்ளரில் போட்டுக் கொடுத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். அட்டையில் எழுதிய அளவுத் தண்ணீரில் மொத்தமாகக் கலக்க வேண்டும், சர்க்கரை சேர்க்கக் கூடாது. அதைப்போல என்று கொடுக்கும் இனிப்புப் பானங்களை வாங்காமல் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சிட்ட பொடியாகப் பார்த்து வாங்குங்கள்.

சாப்பாட்டுக்கு நல்லெண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, சப்பாத்திச் சுருள், மலைவாழை, கொட்டை நீக்கிய பேரீச்சை. தயிர் சாதம் வண்டியிலேயே இருக்கட்டும், இறங்கி வந்து சாப்பிடலாம். முதுகுச் சூட்டில் புளித்துவிடும். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை, பட்டாணி ஐந்து வயதுக்குக் கீழ் வேண்டாம். நடந்துகொண்டே மெல்லும்போது தொண்டையில் சிக்கும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

முழுக்கை பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், பிடரியை மறைக்கும் தொப்பி. புது ஷூ வேண்டாம், பள்ளிக்கோ விளையாடவோ போட்டுப் பழகியதே நல்லது. கொசு விரட்டும் களிம்பைப் பிள்ளையின் கையில் தடவாதீர்கள், அது வாய்க்குப் போகும்; உடையின் மேல் போதும். மாற்றுடை ஒரு செட், டயப்பர், பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர இரண்டு கவர், சின்ன சோப்பு, பேண்டேஜ், டார்ச், விசில். விசில் பிள்ளையின் கழுத்தில் இல்லாமல் சட்டைப் பையில் இருக்கட்டும், கயிறு கிளையில் மாட்டும்.

இவ்வளவுதான். பொம்மை வேண்டாம். அங்கே கிடக்கும் கல்லையும் குச்சியையும் விட எந்தப் பொம்மையும் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்காது.

6. முதல் நாள் மாலை

சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். இடி மழை என்றால் அந்த நாளைத் தள்ளிப் போடுங்கள். மொட்டைக் குன்றில் மின்னலுக்கு ஒதுங்க இடமே கிடையாது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் அது அத்தையாகவோ மாமாவாகவோ இருக்கும், "பச்சப் புள்ளைய வெயில்ல இழுத்துக்கிட்டு அலையணுமா?" என்ற கேள்வியும் வரும். "ஒன்பதரைக்குள்ள கீழ இறங்கிடுவோம் அத்தை, இறங்கினதும் போன் பண்றேன்" என்று நேரம் சொல்லிப் பாருங்கள், பாதி கவலை குறையும். சொன்னபடி போனும் பண்ண வேண்டும்.

பிள்ளையை ஏழரைக்குத் தூங்கவையுங்கள். அணிய வேண்டிய உடையையே இரவு போட்டுப் படுக்கவைத்தால் காலையில் கால் மணி நேரம் மிச்சம்.

7. ஏறும்போது

முதல் பத்து நிமிடம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். கிளம்பிய உற்சாகத்தில் பிள்ளை ஓடும், நாமும் கைதட்டுவோம். கால் மணியில் சோர்ந்து உட்கார்ந்துவிடும்.

பிள்ளை முன்னால், ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் பின்னால். நாம் முன்னால் போனால் நம் வேகத்துக்கு அது ஓடி வரவேண்டியிருக்கும். பள்ளம் இருக்கும் பக்கம் எப்போதும் பெரியவர், சுவர்ப் பக்கம் பிள்ளை.

மழைக்குப் பிறகான நாட்களில் படியோரத்தில் ரயில்பூச்சி ஊரும். பிள்ளை குந்தி உட்கார்ந்து குச்சியால் தொடும், அது வட்டமாகச் சுருண்டுகொள்ளும். மறுபடி விரியும் வரை காத்திருக்கும், மறுபடி தொடும். நமக்குப் பொறுமை போய்விடும். ஆனால் இப்படி நிற்பதையெல்லாம் ஓய்வாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் கொடுக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, பூச்சியைப் பார்த்தபடியே குடித்துவிடும். தொட விட வேண்டியது குச்சியால் மட்டும். கல்லைப் புரட்ட விடாதீர்கள், கீழே தேள் இருக்கலாம்.

தாகம் என்று கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மிடறு. விளையாட்டில் இருக்கும் பிள்ளை தாகத்தைச் சொல்லாது. உதடு காய்வது, காரணமில்லாமல் சிணுங்குவது, வழக்கமாக ஓடும் பிள்ளை மடியில் வந்து சாய்வது, இவை தெரிந்தால் நிழலில் உட்காருங்கள். கால் மணியில் தெளியவில்லை என்றால் இறங்குங்கள். பிடிவாதம் என்று அதட்டி ஏற்றுவதுதான் நான் பார்க்கும் தவறுகளில் மோசமானது.

8. மேலே

நிழல், ஒரு வாய் சாப்பாடு, சிறுநீர், படம். அவ்வளவு போதும். கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்பிலிருந்து நாலு ஆள் நீளம் தள்ளி உட்காருங்கள்.

குரங்கு இருக்கும் இடத்தில் பையைத் திறக்காதீர்கள். அதற்கு பாலிதீன் கவர் சத்தம் போதும். பிள்ளையின் கையில் பிஸ்கட் இருந்தால் முதலில் பிஸ்கட்டைக் கீழே போடச் சொல்லுங்கள், பறித்துக்கொண்டு போகட்டும். கண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிப்பது அதற்குச் சண்டை அழைப்பு. பாறை இடுக்கில் பெரிய தேன்கூடு தெரிந்தால் அங்கே உட்காரவே வேண்டாம். இதே காரணத்துக்காக வாசனைத் தைலம், சென்ட் எதுவும் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

9. இறங்கும்போது

ஏறுவதற்குத்தான் எல்லோரும் தயாராக வருகிறார்கள். விழுவதெல்லாம் இறக்கத்தில். பிள்ளைக்கு உடம்பின் எடையில் தலையின் பங்கு அதிகம். கீழ்நோக்கி நடக்கும்போது முன்னால் தள்ளும். கால் சோர்ந்திருக்கும், தூக்கம் வேறு கண்ணைச் சுழற்றும் நேரம்.

பெரியவர் ஒரு படி கீழே நின்று, பிள்ளையைப் பார்த்தபடி சற்றுப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். விழுந்தால் நம்மேல் விழும். பலர் மேல்படியில் நின்றுகொண்டு பிள்ளையின் ஒரு கையை மேலே தூக்கிப் பிடித்தபடி இறக்குகிறார்கள். தடுக்கும்போது அந்தக் கையைச் சுண்டி இழுத்தால் முழங்கை எலும்பு மூட்டிலிருந்து நழுவும். ஐந்து வயதுக்குள் இது சர்வசாதாரணம். வெளியே வீக்கம்கூடத் தெரியாது. பிள்ளை கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டித் தொங்கவிட்டு அழும். அப்படி இருந்தால் நீவிவிடுவது, எண்ணெய் போட்டு இழுப்பதெல்லாம் வேண்டாம், மருத்துவர் ஒரு நிமிடத்தில் சரி செய்துவிடுவார். இழுக்க வேண்டிய நிலைமை வந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.

உயரமான படிகளில் பிள்ளை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கட்டும். பேன்ட் அழுக்காகும், ஆகட்டும். சரளைச் சரிவில் மூன்று வயதுக்குக் கீழ் என்றால் கேரியரில் போட்டுவிடுங்கள். தூக்குகிறவர் கையில் ஒரு கம்பு இருந்தால் நல்லது. கேரியரில் தூங்கிவிட்டால் தலை ஒரு பக்கம் தொங்காமல் துண்டைச் சுருட்டி வையுங்கள். நெஞ்சில் தாடை இடிக்கிறதா என்று பின்னால் வருகிறவர் பார்த்துக்கொண்டே வரட்டும்.

"கீழே போனால் ஐஸ்கிரீம்" என்று ஆசை காட்டுவது வேலை செய்யும், ஆனால் பிள்ளை ஓடத் தொடங்கும். ஐஸ்கிரீமைப் பற்றிக் கடைசிப் பத்துப் படியில் சொன்னால் போதும்.

10. ஏதாவது ஆகிவிட்டால்

பாம்புக் கடி: கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். கொலுசு, வளையல், இறுக்கமான சாக்ஸைக் கழற்றுங்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி, 108-ஐ அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமில்லை. விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்திருந்தால் நேரம் மிச்சம்.

குரங்குக் கடி, நகக் கீறல்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், அன்றைக்கே மருத்துவமனை. சின்னக் கீறல்தானே என்று மஞ்சள் வைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. வெறிநோய் வந்தபின் சிகிச்சை கிடையாது.

வெயில் தாக்கு: உடம்பு கொதித்து, பிள்ளை சொக்கிப்போய், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் அது வெறும் சோர்வு கிடையாது. நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒருவர் விசிறும்போதே மற்றவர் 108-ஐ அழைக்க வேண்டும்.

11. வீட்டுக்கு வந்தபின்

முதலில் குளியல், அப்போதே உடம்பு முழுக்கத் தேடல். காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, தொப்புள், தலைமுடிக்குள் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். போட்டிருந்த உடையைத் தனியாக வெந்நீரில் ஊறவையுங்கள்.

அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், புதர்க்காட்டுப் பக்கம் போய்வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணி கடித்தால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வரும், தமிழ்நாட்டில் இது உண்டு. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. சரியான மருந்து சீக்கிரம் கொடுத்தால் நன்றாகவே கேட்கும். சொல்லாவிட்டால் வைரஸ் காய்ச்சல் என்று நாட்கள் ஓடிவிடும்.

அடுத்த குன்று எது என்று உடனே தேட வேண்டாம். அதே குன்றுக்கு இன்னொரு முறை போங்கள். இரண்டாவது தடவை பிள்ளைக்கு வழி தெரியும், எங்கே உட்கார்ந்தோம், எங்கே பூச்சி பார்த்தோம் என்று அதுவே கூட்டிப்போகும், நீங்கள் தூக்க வேண்டிய தூரம் குறையும். தூக்காமலே பாதி வரை ஏறிவிட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அதுவரை பையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். தீர்ந்த ஓஆர்எஸ்ஸையும் டயப்பரையும் மட்டும் அன்றைக்கே வாங்கிப் போட்டுவிடுங்கள்.